விண்வெளி வாசலுக்குப் பூட்டுப் போட்டவர்!

குட்டீஸ், ஒரு புதிர்! உங்களை விண்வெளிப் படைக்குத் தளபதி ஆக்கி, 600 போர்க்கப்பல்களையும் கையில் கொடுத்தாச்சு. நம் சூரியக் குடும்பத்துக்குள் எதிரி ஒருவர்கூட நுழையக் கூடாது. கப்பல்களை எங்கே நிறுத்துவீங்க?

'சுத்தி வளைச்சு நிறுத்திடுவேன்' என்கிறீர்களா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சூரியனில் இருந்து கடைசிக் கோளான நெப்டியூன், சுமார் 450 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஒரு பந்து, சூரியக் குடும்பத்தையே மூடியிருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். அந்தப் பந்தின் மேற்பரப்பை 600 கப்பல்களுக்கும் பங்கு பிரித்தால், ஒவ்வொரு கப்பலுக்கும் கிடைப்பது 65 கோடி கி.மீ. நீளமும், அதே அளவு அகலமும் உள்ள ஒரு சதுரம். அடேங்கப்பா! பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள தூரமே 15 கோடி கி.மீ.தான். சதுரத்தின் மூலையில் எதிரி நுழைந்தால், நடுவில் நிற்கும் கப்பலுக்கு அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் போனால்கூட 25 நிமிடம் ஆகும். அதற்குள் எதிரி வந்து, டீ குடித்துவிட்டே போயிருப்பார்!

அதனால்தான் விண்வெளிப் போர்க் கதை எழுதுபவர்கள் முதலில் ஒரு வாசலைத் தேடுகிறார்கள். கடலில் இருந்து சுட்ட யோசனை இது. ஜிப்ரால்டர் நீரிணையை வரைபடத்தில் பாருங்கள். மத்திய தரைக்கடலில் இருந்து அட்லாண்டிக் கடலுக்குப் போகும் வழி அது. குறுகலான இடத்தில் அகலம் சுமார் 14 கி.மீ.தான். அங்கே காவல் போட்டால் போதும். முழுக் கடலையும் காக்க வேண்டியதில்லை.

விண்வெளியில் நீரிணைக்கு எங்கே போவது? அதற்கு ஒரு கதை இருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்' பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1966ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அந்த வரிசையில் வந்த ஒரு தொடர், 'டீப் ஸ்பேஸ் நைன்'. 1993ல் தொடங்கி, 1999 வரை ஓடியது. இதில் வரும் 'ஸ்டார்ப்ளீட்' என்ற விண்படையில் கேப்டன், கமாண்டர், லெப்டினன்ட் எல்லாம் உண்டு. பதவிப் பெயர்கள் அப்படியே கடற்படையில் இருந்து வந்தவை!

கதை நடப்பது 24ம் நூற்றாண்டில். பஜோர் என்று ஒரு கோள். பல ஆண்டுகள் கார்டாஸியர் என்ற இனத்தாரிடம் அடிமைப்பட்டு, அப்போதுதான் விடுதலை அடைந்திருக்கிறது. கார்டாஸியர் விட்டுப்போன விண்வெளி நிலையம்தான் டீப் ஸ்பேஸ் நைன். அதன் தலைவர், பெஞ்சமின் சிஸ்கோ. பஜோருக்குப் பக்கத்தில் சிஸ்கோ ஓர் அதிசயத்தைக் கண்டுபிடிக்கிறார். அதுதான் புழுத்துளை! ஆப்பிளின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு, புழு உள்ளேயே துளைத்துக்கொண்டு போகுமே... அந்த மாதிரி ஒரு குறுக்கு வழி. நுழைந்தால், 70,000 ஒளியாண்டு தள்ளி மறுபக்கம் வந்துவிடலாம். சுற்றிப் போனால், அந்தக் கதையில் வரும் வேகமான கப்பல்களுக்கே 70 ஆண்டு ஆகிவிடும்.

(புழுத்துளை முழுக்கக் கற்பனை இல்லை. 1935ல் ஐன்ஸ்டீனும், நாதன் ரோசன் என்ற விஞ்ஞானியும் சேர்ந்து, இந்த மாதிரிப் பாதைக்குக் கணக்கு போட்டிருக்கிறார்கள். ஆனால், நிஜத்தில் இதுவரை யாரும் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.)

ஆக, சின்னஞ்சிறு பஜோர் ஒரே நாளில் பெரிய இடமாகிவிட்டது! மறுபக்கம் இருப்பதோ டொமினியன் என்ற பயங்கரப் பேரரசு. அது கார்டாஸியரோடு கூட்டுச் சேர்ந்து, புழுத்துளை வழியாகக் கப்பல் கப்பலாகப் படையை இறக்க ஆரம்பிக்கிறது. வாசலைப் பூட்டியாக வேண்டும். எப்படி?

கண்ணிவெடி வைக்கலாம். நிஜக் கடற்படைகள் செய்ததுதான் அது. முதல் உலகப் போரின்போது, 1918ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வெளியே வராமல் தடுக்க, ஸ்காட்லாந்துப் பக்கத்துத் தீவுகளில் இருந்து நார்வே வரை கடலில் சுமார் 70,000 கண்ணிவெடிகளைப் போட்டார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு வெடி வெடித்தால், அந்த இடம் காலி. அங்கே ஓட்டை விழுந்துவிடும். எதிரி நிதானமாக ஒவ்வொன்றாக வெடிக்க வைத்து, வழி உண்டாக்கிக் கொள்ளலாம்.

சிஸ்கோவின் ஆட்களும் இங்கேதான் மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள். அப்போது யோசனை சொல்பவர்தான் ரோம்.

யார் இந்த ரோம்? பெரெங்கி என்ற இனத்தைச் சேர்ந்தவர். பெரிய பெரிய காதுகள்! பெரெங்கிகளுக்கு லாபம்தான் உயிர். ரோமுக்கோ வியாபாரம் சுட்டுப் போட்டாலும் வராது. நிலையத்தில் மதுக்கடை வைத்திருக்கும் அண்ணன் குவார்க்கிடம், எடுபிடியாக இருந்து, தினமும் 'மக்கு' என்று திட்டு வாங்கியவர். ஆனால், உடைந்த எந்த எந்திரத்தையும் சரி பண்ணிவிடுவார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, நிலையத்தில் சாதாரண மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டார். இந்தத் தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் கேப்டன் சிஸ்கோ இல்லை... ரோம்தான்!

ரோம் சொன்ன யோசனை இதுதான்: ஒரு கண்ணி வெடித்தால், பக்கத்தில் இருக்கும் கண்ணி, தன்னைப் போலவே இன்னொன்றை உற்பத்தி செய்து, காலி இடத்தில் நிறுத்திவிட வேண்டும்! அப்புறம் ஓட்டை எப்படி விழும்? (தன்னைத்தானே படைத்துக்கொள்ளும் எந்திரம் பற்றி, 1940களிலேயே கணித மேதை ஜான் வான் நியூமன் யோசித்திருக்கிறார்.)

கண்ணிகளைப் போட்டு முடிப்பதற்குள் எதிரிப் படை வந்துவிடுகிறது. 'டிபையண்ட்' என்ற சின்னப் போர்க்கப்பல், சண்டைக்கு நடுவிலேயே மிச்சக் கண்ணிகளைப் போடுகிறது. நிலையம் அடிவாங்கிக்கொண்டே அதைக் காப்பாற்றுகிறது. அதே நேரம், ஸ்டார்ப்ளீட்டின் இன்னொரு பிரிவு, எதிரியின் கப்பல் கட்டும் தளத்தைத் தகர்க்கிறது. கடைசியில் வாசல் பூட்டப்பட்டது... ஆனால், நிலையம் பறிபோனது! சிஸ்கோ கிளம்பும்போது, தன் பேஸ்பால் பந்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போகிறார். 'திரும்பி வருவேன்' என்பதுதான் அதற்கு அர்த்தம். அறைக்குள் வந்த எதிரித் தலைவன் டுகாட்டுக்கு, பந்தைப் பார்த்ததுமே அது புரிந்துவிடுகிறது.

ரோம் போகவில்லை. உளவாளியாக நிலையத்திலேயே தங்கிவிடுகிறார். பழையபடி அண்ணன் கடையில் வேலை. மீண்டும் அதே திட்டு! அவர் மகன் நோக், ஸ்டார்ப்ளீட்டில் சேர்ந்த முதல் பெரெங்கி. அவன் டிபையண்ட் கப்பலில் இருக்கிறான். அப்பா பூட்டுக்கு உள்ளே, பிள்ளை வெளியே!

எதிரிகள் சும்மா இருப்பார்களா? கண்ணிகள் புதிதாகப் பிறக்காமல் தடுக்க, ஒரு கதிரைத் தயார் செய்கிறார்கள். அதைக் கெடுக்கப் போன ரோம், கையும் களவுமாகப் பிடிபடுகிறார். மரண தண்டனை! பூட்டு உடைந்தால், மறுபக்கம் காத்திருக்கும் 2,800 கப்பல்கள் பாய்ந்து வந்துவிடும். சேதி கிடைத்ததும், சிஸ்கோ 600க்கும் மேற்பட்ட கப்பல்களோடு புறப்படுகிறார். எதிரே நிற்பவை 1,254! கிளிங்கான் கப்பல்கள் உதவிக்கு வந்த பிறகும், வரிசையை உடைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போக முடிந்தது டிபையண்ட் ஒன்றுக்குத்தான்.

இந்த இடத்தில் டமால், டுமீல் என்று ஒரே சத்தம். உண்மையில் விண்வெளியில் காற்று கிடையாது. அத்தனை கப்பலும் வெடித்தாலும், 'உஸ்' என்றுகூட வெளியே கேட்காது!

நிலையத்தில் ரோமைச் சிறையில் இருந்து மீட்டது யார் தெரியுமா? காசைத் தவிர வேறொன்றும் தெரியாத அதே அண்ணன் குவார்க்தான்! டுகாட்டின் மகள் ஜியாலும் கூட வந்தாள். தன் வாழ்க்கையில் துப்பாக்கிச் சண்டைக்கே போகாத மனிதர், காவலர் இரண்டு பேரைச் சுட்டுவிட்டு, கை நடுங்க அப்படியே நிற்கிறார். வெளியே வந்த ரோம், நிலையத்தின் ஆயுதங்களுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கிறார். ஐயோ... சில நொடி தாமதம்! அதற்குள் டுகாட் சுட்டுவிட்டான். கண்ணிகள் எல்லாம் வெடித்துச் சிதறி, வாசல் திறந்துவிட்டது.

2,800 கப்பல்களுக்கு எதிராக, டிபையண்ட் மட்டும் புழுத்துளைக்குள் நுழைகிறது. அந்தத் துளைக்குள்ளேயே, பஜோர் மக்கள் தெய்வமாகக் கும்பிடுபவர்கள் வாழ்கிறார்கள். சிஸ்கோ அவர்களிடம் மன்றாடுகிறார். அவ்வளவுதான்... வந்துகொண்டிருந்த மொத்தப் படையும் மாயமாக மறைந்துபோனது! 'இவ்வளவு கஷ்டப்பட்டுச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் சாமி வந்து காப்பாற்றுவதா?' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். ரோமின் கை இன்னும் சில நொடி வேகமாக இருந்திருக்கக் கூடாதா!

துணைக்கு ஆள் வராததால், எதிரிகள் நிலையத்தை விட்டு ஓடினார்கள். பேஸ்பால் பந்து சிஸ்கோவின் கைக்குத் திரும்பியது. இந்தப் பகுதிகள் ஒளிபரப்பானது 1997ல்.

ரோம் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 1999ல், தொடர் முடியும் நேரத்தில், பெரெங்கி இனம் முழுவதற்கும் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. பதவி தனக்குத்தான் என்று குவார்க் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க, கிழட்டுத் தலைவர் கையைக் காட்டியது, அந்த 'மக்கு'த் தம்பியை!