உப்புக் கழிவு நீரில் மணிச்சத்தை விழுங்கும் நுண்ணுயிர்கள்

இறால் அறுவடை முடிந்ததும் குளத்து நீர் ஓடைக்குத் திறந்து விடப்படுகிறது. இறால் தின்னாமல் விட்ட தீவனமும் அதன் எச்சமும் அந்த நீரோடு போகின்றன. இவற்றில் மணிச்சத்து அதிகம். அது ஓடையில் சேர்ந்தால் பாசி மண்டும். பாசி அழுகும்போது பிராணவாயு குறைந்து மீன்கள் சாகும். அதே ஓடையிலிருந்து அடுத்த பட்டத்துக்கு நீர் இறைப்பவருக்கும் நஷ்டமே.

தழைச்சத்தை நுண்ணுயிர்கள் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டு விடும். மணிச்சத்து அப்படிப் போகாது. அதை நீரிலிருந்து பிரித்து வெளியே எடுத்தாக வேண்டும். இதற்கும் சில நுண்ணுயிர்கள் உதவுகின்றன.

எப்படி விழுங்குகின்றன?

1959-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகியோர், சாக்கடை நீரில் காற்றை நன்கு செலுத்தினால் அதிலுள்ள நுண்ணுயிர்ச் சேறு மணிச்சத்தை வேகமாக ஈர்ப்பதைக் கண்டனர். காற்றில்லாத தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் மணிச்சத்தை வெளிவிட்டு, உணவைச் சேமிக்கும். அடுத்துக் காற்று கிடைத்ததும், விட்டதைக் காட்டிலும் அதிகமாக விழுங்கும். அந்த நேரத்தில் சேற்றை எடுத்துவிட்டால் மணிச்சத்தும் அதோடு வந்துவிடும். எடுக்காமல் தேங்க விட்டால் மீண்டும் நீரிலேயே கரையும்.

உப்பு செய்யும் இடைஞ்சல்

திடீரென உப்பு கூடினால் நுண்ணுயிரின் உடலிலுள்ள நீர் வெளியேறி அது சோர்ந்துவிடும். எனவே உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்க வேண்டும். பெருமழையில் உப்பு சட்டெனக் குறைந்தாலும் பாதிப்புதான்.

கவனிக்க வேண்டியவை

* காற்றுள்ள தொட்டி, காற்றில்லாத தொட்டி இரண்டும் தேவைப்படுவதால் இம்முறை தனி ஒருவருக்குச் செலவு அதிகம். பலர் கூடி அமைக்கும் பொதுத் தொட்டிக்கே ஏற்றது.
* தனிப் பண்ணையாளர் கழிவு நீரை வேறொரு குளத்தில் தேக்கி, தெளிந்த மேல் நீரை மட்டும் விடலாம். அடிச்சேற்றை அவ்வப்போது அகற்ற வேண்டும்.
* கடையில் விற்கும் பாஸ்போபாக்டீரியாவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைத்துப் பயிருக்குக் கொடுப்பது. இங்கே வேண்டியது அதற்கு நேர்மாறான வேலை.
* நுண்ணுயிர் உப்பை நீக்காது. ஆகவே அந்த நீரை நெல் வயலுக்குப் பாய்ச்சக் கூடாது. சேற்றையும் மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவு பார்க்காமல் எருவாக இடக் கூடாது.

தீவனத்தை அளவோடு போடுவதே முதல் சிகிச்சை. மிஞ்சாத தீவனம் ஓடையைக் கெடுக்காது, பணமும் மிச்சம்.