நஞ்சராயன் குளத்தில் மேக்கப் ரூம் காட்சிகள்

ஆலா என்றால் கடல்தான் ஞாபகத்துக்கு வரும். அதைப் பார்க்க ராமேஸ்வரம் தாண்டி மணல் திட்டுகளுக்குப் படகேற வேண்டும் என்று நினைத்திருப்பவர்களுக்கு ஒரு ரகசியம்: கடல் ஆலாவின் உறவுக்காரர் மீசை ஆலா, குளிர்காலத்தில் திருப்பூருக்கே வருகிறார்! ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையம் பக்கம் திரும்பினால் போதும்.

நஞ்சராயன் குளம். பரப்பு 125.865 ஹெக்டேர். 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்தும் அறிவிக்கப்பட்டது. பெருமைப் பட்டியல் முடிந்தது. வாங்க, திரைக்குப் பின்னால் போகலாம்!

முதலில் மீசைக்காரர். கோடையில் கறுப்புத் தொப்பியும் கரிய வயிறுமாக ஜொலித்தவர், இங்கே மேக்கப் கலைத்த நடிகர் மாதிரி வெளுத்துப்போய் நிற்கிறார். கடல் ஆலாக்களைப் போலத் தலைகுப்புறப் பாய்வது குறைவு. தண்ணீரை ஒட்டிப் பறந்து, அலகால் ஒரே கொத்து, பூச்சி காலி.

பாம்புத்தாராவின் குட்டு இன்னும் வேடிக்கை. நாள் முழுக்க முங்கி மீன் குத்தும் இவருடைய இறகு தண்ணீரைத் தடுக்காது. நனைந்து கனப்பதால்தான் சுலபமாக முங்க முடிகிறது. அதனால்தான் கரையேறியதும் சிறகை விரித்துக் காயவைக்கும் அந்த போஸ். கேமராக்காரர்கள் தங்களுக்காகத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாவம்!

மஞ்சள் மூக்கு நாரை கண்ணை நம்பி மீன் பிடிப்பதில்லை. கலங்கிய தண்ணீரில் அலகைப் பாதி திறந்து துழாவும்; காலால் சேற்றைக் கிளறும்; ஏதாவது பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் அலகு மூடிக்கொள்ளும். கூழைக்கடாவுக்கோ அவசரமே கிடையாது. பையிலுள்ள தண்ணீரை வடித்த பிறகுதான் மீனை விழுங்க முடியும்.

பெரிய நட்சத்திரம் வரித்தலை வாத்து. இமயமலையைத் தாண்டி வரும் ஆள்! பகலில் சும்மா கிடக்கிறதே என்று ஏமாறாதீர்கள், இது ராத்திரி வயலில் மேயும் ஜாதி. நைட் ஷிப்ட் முடிந்த களைப்பு இந்த ஊருக்குப் புரியாதா என்ன?

சாயத்துக்கும் நொய்யலுக்கும் பேர் போன ஊரில் இப்படி ஒரு கூட்டமா என்று ஆச்சரியப்படுபவர்கள், பைனாகுலரோடு விடியற்காலையிலேயே வந்துவிடுங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம், பச்சையோ மண் நிறமோ போதும். பிப்ரவரி தாண்டினால் வடக்கே போகும் கூட்டம் மூட்டை கட்டத் தொடங்கிவிடும்.