காதுக்குள் ஒரு ரீங்காரம்

வியாழக்கிழமை காலையில் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? ஆடுகள் கத்தும், சேவல்கள் கூவும், வியாபாரிகள் உரக்க விலை பேசுவார்கள். அந்தச் சந்தடியில் கைக்கடிகாரத்தின் ‘டிக், டிக்’ ஓசை கேட்குமா? கேட்காது. நள்ளிரவில் அதே கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்துப் பாருங்கள், தெளிவாகக் கேட்கும். கடிகாரம் மாறவில்லை, சுற்றுப்புறம்தான் மாறியது.

இந்த எளிய உண்மை ஒரு தொல்லையைத் தணிக்க உதவுகிறது. வெளியே எந்த ஓசையும் இல்லாதபோதும் சிலருக்குக் காதில் ‘ங்கொய்’ என்றோ ‘உஸ்’ என்றோ ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். இதுவே காதிரைச்சல். இது வெறும் மனப்பிரமை அன்று. 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற ஆய்வாளர்கள் நல்ல செவித்திறன் உள்ள 80 பேரை ஒலி புகாத அறையில் சில நிமிடங்கள் இருக்கச் செய்தனர். நூற்றுக்கு 94 வீதத்தினர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகக் கூறினர்!

காரணம் என்ன? உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியா உள்ளது. அதிலுள்ள சுமார் 15,000 மயிர் செல்கள் ஒலி அதிர்வை மின் குறிப்புகளாக மாற்ற, நரம்பு அவற்றை மூளைக்குக் கொண்டு செல்கிறது. பேரிரைச்சலாலோ முதுமையாலோ இச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. குறிப்புகள் குறையும்போது, மங்கலாகக் கேட்கும் ரேடியோவின் ஒலியை நாம் கூட்டுவதுபோல், மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. கூடவே இரைச்சலும் எழுகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

1970-களில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், காதிரைச்சலால் அவதிப்பட்ட சார்லஸ் யூனிஸ் என்னும் மருத்துவர் ஒரு நீரூற்றின் அருகே சென்றார். நீரின் சலசலப்பில் அவருடைய காதிரைச்சல் மறைந்தது! உடனிருந்த ஜாக் வெர்னன் என்ற விஞ்ஞானி இதைக் கண்டு, காதில் அணியும் சிறு ஒலிக் கருவியை உருவாக்க முனைந்தார்.

இன்று தலைமாட்டில் வைக்கும் கருவிகளும், காது கேட்கும் கருவியோடு இணைந்தவையும் உள்ளன. மழை ஓசை போன்ற மென்மையான ஒலியை அவை தருகின்றன. பலருக்குச் சுழலும் மின்விசிறியின் ஓசையே போதும். ஒலி மெல்லியதாகவே இருக்க வேண்டும். இரைச்சலை முழுவதும் மூழ்கடிக்காமல் விட்டால்தான் மூளை அதை நாளடைவில் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகும். ஆனால் இக்கருவிகள் நோயைப் போக்குவதில்லை. உறக்கமும் நிம்மதியும் பெற உதவுகின்றன. ஒரே காதில் இரைச்சல் கேட்டாலோ, திடீரென்று செவி மந்தமானாலோ உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

வருமுன் காப்பதே மேல் அல்லவா? 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பது ஆபத்து. 88 டெசிபல் என்றால் 4 மணி நேரமே எல்லை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் உங்கள் உறவினர் எவரேனும் வேலை செய்தால், காதடைப்பான் அணியச் சொல்லுங்கள். நீங்களும் இயர்போனின் ஒலியைக் குறைத்து வையுங்கள்.