மகன் வீட்டில் போய் இருக்க ஒரு விசா

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காபி சாப்பிடும் நேரத்தில், இப்போதெல்லாம் வற்றல் விலைக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது பிள்ளைகள் இருக்கும் ஊர்தான். ஒருவர் மகள் சிட்னியில், ஒருவர் மகன் டல்லாஸில், இன்னொருவருக்கு இரண்டு பிள்ளைகளும் சிங்கப்பூரில். எல்லோரும் பெற்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். போவதா வேண்டாமா என்பது ஒரு யோசனை. போவதென்று முடிவு செய்துவிட்டால் எந்தக் காகிதத்தை எங்கே கொடுப்பது என்பது அடுத்த தலைவலி. இந்த விஷயத்தில் நாம் ஒரு முறை தோற்று, மறுமுறை ஜெயித்தவர்கள் என்பதால், எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார்.

நமது மகன் கனடாவில், டொராண்டோவை அடுத்த பிராம்ப்டனில் நிரந்தரவாசி உரிமையுடன் இருக்கிறான். 2023-ல் பேத்தி பிறந்தாள். அப்போது சாதாரண சுற்றுலா விசாவுக்குத்தான் விண்ணப்பித்தோம். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஏஜெண்ட் ஒருவர் நமது வங்கிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இருப்பு ரொம்பக் குறைவாகத் தெரிகிறதே, ஒரு பதினைந்து லட்சம் போட்டு வையுங்கள்" என்றார். மண்டிக்காரன் பணம் வங்கியில் எங்கே தங்கும்? சரக்கில் பாதி, வெளிபாக்கியில் பாதி. அவர் பேச்சைக் கேட்டு, தம்பியிடமும் மைத்துனரிடமும் வாங்கிச் சேமிப்புக் கணக்கில் போட்டோம். மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் போயிற்று. விசா மறுக்கப்பட்டது. தங்கும் காலம் முடிந்ததும் நாடு திரும்புவீர்கள் என்று எமக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று கடிதம் வந்தது.

நாற்பது வருடம் இந்த ஊரில் சொன்ன சொல் தவறாமல் வியாபாரம் செய்தவர்களை, திரும்பி வராமல் ஓடிவிடுவார் என்று எழுதிவிட்டார்களே என்று நமக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேத்திக்கென்று தைத்து வைத்திருந்த பாவாடைச் சட்டையை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மகன் அங்கேயே ஐந்து டாலர் கட்டணம் செலுத்தி, நமது சம்மதத்துடன், அதிகாரி கோப்பில் எழுதிய குறிப்பின் நகலை வாங்கினான். திடீரென்று வந்த பெருந்தொகைக்கு விளக்கம் இல்லை, ஊரில் உள்ள தொழில் பற்றிப் போதிய ஆதாரம் இல்லை என்று இரண்டே வரி. படித்ததும் நமது கோபம் அந்த அதிகாரி மேல் இருந்து நம் மேலேயே திரும்பியது. புதிதாக ஒரு சில்லறைக் கடைக்காரர் நம்மிடம் கடனுக்குச் சரக்குக் கேட்டு வந்தால் நாம் என்ன பார்க்கிறோம்? சட்டைப் பையில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்றா பார்க்கிறோம்? கடை எத்தனை வருடமாக இருக்கிறது, வேறு எந்த மண்டியில் பற்று வரவு, தவணைக்குச் சரியாகக் கொடுக்கிறாரா என்றல்லவா விசாரிக்கிறோம்! நேற்று வாங்கிய ரொக்கத்தைக் காட்டுகிறவரைக் கண்டால் நமக்கே சந்தேகம் வரும். அந்த அதிகாரியும் நம்மைப் போல முகம் தெரியாத ஆளுக்குக் கடன் கொடுக்க உட்கார்ந்திருப்பவர்தான். நாம் காட்ட வேண்டிய பேரேட்டைக் காட்டவில்லை.

இரண்டாவது முறை, 2025-ல், ஏஜெண்ட் இல்லாமல் நாமும் மகனும் ஆடிட்டருமாக உட்கார்ந்து 'சூப்பர் விசா'வுக்கு விண்ணப்பித்தோம். இது கனடாவில் 2011 டிசம்பரில் தொடங்கியது. அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசி உரிமையோ உள்ளவர்களின் பெற்றோருக்கும், தாத்தா பாட்டிக்கும் மட்டும் உரியது. சாதாரண விசாவில் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்தான். இதில் முதலில் இரண்டு ஆண்டு என்றிருந்ததை 2022-ல் ஐந்து ஆண்டாக உயர்த்தினார்கள். விசா பத்து ஆண்டு வரை செல்லும், போய்ப் போய் வரலாம். ஆனால் பாஸ்போர்ட் முடியும் நாளோடு விசாவும் முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் நாலைந்து வருடம்தான் பாக்கி என்றால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இந்த விசாவில் அங்கே வேலை செய்யக் கூடாது. பிள்ளை அங்கே கடை வைத்திருந்தாலும் கல்லாவில் உட்கார நமக்கு அனுமதி இல்லை!

பிள்ளை அழைப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவன் வருமானம் அந்நாட்டு அரசு வகுத்த அளவுக்குக் குறையக் கூடாது. அந்த அளவைக் கணக்கிடும்போது நம் இருவரையும் குடும்பத் தலைகளாகச் சேர்த்தே எண்ணுகிறார்கள். பிறகு, அரசு அங்கீகரித்த மருத்துவரிடம் உடல் பரிசோதனை, விரல் ரேகைப் பதிவு. விசாக் கட்டணம் ஆளுக்கு 100 கனடா டாலர், ரேகைக்கு 85.

நம்மைப் படுத்தியது பெயர்தான். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்றதைக் காலியாக விட வேண்டும் என்பது அவர்கள் விதி. இது தெரியாமல் முதல் தடவை தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருந்தோம். மகனின் பிறப்புச் சான்றிதழில் அவன் தாயார் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி இணைத்தோம். பெற்றோர் பெயர் அச்சாகியிருக்கும் மகன் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கமும் உதவியது.

அடுத்தது இன்ஷூரன்ஸ். குறைந்தது ஒரு வருடத்துக்கு, ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2025 ஜனவரி இறுதியிலிருந்து, அவர்களுடைய நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுக் கம்பெனிகளிடமும் எடுக்கலாம். வயது கூடக் கூடப் பிரீமியமும் கூடும். நமக்குச் சர்க்கரை, வீட்டம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. பழைய நோய்க்குச் சில மாதங்களாக மாத்திரை அளவு மாறாமல் இருந்தால்தான் காப்பீடு என்பது பல பாலிசிகளில் உள்ள நிபந்தனை. பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். மகன் சொன்னான் என்று நோயை மறைத்து எழுதிவிடாதீர்கள். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு பிள்ளையின் தலையில்தான் விழும்.

தொழிலுக்கு ஆதாரமாக மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள், தம்பியுடன் உள்ள கூட்டு ஒப்பந்தப் பத்திரம், மண்டிக் கட்டடத்தின் பத்திர நகல், கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட் எல்லாம் வைத்தோம். சேமிப்புக் கணக்கில் உள்ளது உள்ளபடி விட்டோம். "வற்றல் வரத்துக் காலத்தில் நாம் மண்டியில் இருந்தே ஆக வேண்டும், ஆகவே சீசனுக்குத் திரும்புவோம்" என்று ஒரு பக்கம் கடிதமும் எழுதினோம். நாம் எழுதிய தாள்களில் அதுதான் முக்கியமானது என்று நமக்கு ஓர் எண்ணம். விசா வந்தது.

வேறு நாடுகளில் வேறு ஏற்பாடு. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் உள்ள பிள்ளை பெற்றோரை நீண்ட காலம் வைத்துக்கொள்ள மாதம் 12,000 வெள்ளியாவது சம்பளம் வாங்க வேண்டும். அமெரிக்காவில் பெற்றோருக்கென்று இப்படி ஒரு விசாவே இல்லை. பிள்ளை குடியுரிமை பெற்ற பிறகுதான் கிரீன் கார்டு பற்றிப் பேச முடியும்.

விசா கைக்கு வந்ததும் ஆடிட்டர் வேறொன்றைக் கிளப்பினார். ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வருமான வரியில் நமது நிலை மாறக்கூடும் என்றார். எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் அங்கேயே தங்குவதானால் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டுமாம். "விசா ஐந்து வருடம் இருக்கச் சொல்லும். கணக்கு இருக்கச் சொல்லாது அண்ணாச்சி" என்று சிரித்தார்.

வீட்டம்மாவிடம் இதைச் சொன்னபோது, "உங்களுக்குச் சாக்குத்தானே வேணும்" என்றார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. கல்லாவை விட்டுப் பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் நாம் எங்கும் இருந்ததில்லை. மூன்று நாள் பேச்சு வார்த்தைக்குப் பின் ஒப்பந்தம் ஆயிற்று. ஜூனில் இருவரும் போவது. அக்டோபரில், அங்கே குளிர் இறங்குவதற்கு முன், நாம் மட்டும் திரும்புவது. அவர்கள் இருக்க விரும்பும் வரை இருப்பது. வங்கியில் தம்பி தனியாகக் கையெழுத்திட ஏற்பாடு ஆகிவிட்டது. வெளிபாக்கிப் பட்டியலை ஊர்வாரியாக எழுதித் தம்பியிடம் கொடுத்தோம். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதில் பாதி உங்க முகத்துக்காகத்தான் கொடுக்கிறாங்க. போகிறதுக்குள்ளே ஒரு சுற்றுப் போய் வசூல் பண்ணிட்டுப் போங்க" என்றார். அடுத்த வாரம் கிளம்புகிறோம், முதலில் ராஜபாளையம்.