உங்களுக்குத் தெரியுமா? மீனாட்சிபுரத்துப் புழுக்கமும் 46 வயதும்!

இந்தியப் பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46! மேலை நாடுகளில் 51. ஐந்து வருடம் முந்திக்கொள்கிறோம்!

'நின்றுவிட்டது' என்று எப்போது சொல்லலாம்? தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான். 11-வது மாதம் ஒரு நாள் எட்டிப் பார்த்தாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து! ஆக, எது கடைசி என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்!

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பெண்ணின் ஏழு பருவத்துக்கும் அழகழகாகப் பெயர் வைத்தது தமிழ். ஏழாவது பருவம் எத்தனை வயதில் முடிகிறது தெரியுமா? 40! அதற்கு மேல் பெண்ணுக்குப் பருவமே இல்லை! புலவர்கள் பேனாவை, மன்னிக்கவும், எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்கள்!

மாதவிலக்கு நிற்பதற்கு 'மெனோபாஸ்' என்ற சொல்லை உண்டாக்கியவர் ஒரு ஆண்! பிரெஞ்சு டாக்டர் கார்டான். 1821-ல் அச்சேறியது. அதுவரைக்கும் எத்தனை கோடிப் பெண்கள் பெயரே இல்லாமல் வேர்த்துக்கொண்டிருந்தார்களோ!

நம் ஊர்ப் பேச்சில் இன்றும் அதன் பெயர் காதில் விழுவது அபூர்வம். பொள்ளாச்சியிலிருந்து கேரள எல்லையில் இருக்கும் மீனாட்சிபுரம் போகும் பஸ்ஸில் காதில் விழுந்தது இது. நடு வயதுக்காரர் ஒருவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனார். "குப்புனு காங்க அடிக்குதுங்க்கா. அடுத்த நிமிசம் குளுருது." பக்கத்தில் இருந்த மூத்த பெண்மணி எழுந்து சன்னலோரத்தைக் கொடுத்தார். "உனக்கும் வந்திருச்சா அம்மிணி? உக்காரு, காத்து வரும்." அவ்வளவுதான்! எது வந்தது என்று கடைசி வரை இருவருமே சொல்லவில்லை!

அந்தக் காங்கை எவ்வளவு நேரம் நிற்கும்? பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் அடங்கிவிடும்! எத்தனை வருடம் வந்து வந்து போகும்? அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நடுவாந்திரக் கணக்கு 7.4 வருடம்!

மீனாட்சிபுரம் இருக்கும் பாலக்காடு மாவட்டத்தில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஏப்ரல் மாதம் வேர்த்தால் அது வெயிலா, வயதா? கண்டுபிடிப்பவருக்கு ஒரு இளநீர் பரிசு!

'எதுக்கெடுத்தாலும் ஏன் எரிஞ்சு விழறே?' என்று கேட்கும் வீட்டுக்காரர்களே, உங்களுக்குத்தான் இது. மாதவிலக்கு நிற்கப்போகிற அந்தச் சில வருடங்களில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு, அதற்கு முன்பு இருந்ததைவிட 40 சதவீதம் அதிகம்! லண்டன் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கு. அலசியது 7 ஆய்வுகள், 9,141 பெண்கள்!

அதே ஆய்வில் ஒரு திருப்பம். முழுசாக நின்ற பிறகு அந்த அளவுக்கு ஏற்றம் தென்படவில்லை! ஆட்டிப்படைப்பது நிற்பது அல்ல, நிற்கப்போவதுதான்!

வெறும் மாவு மாத்திரைக்குக் காங்கை குறையுமா? குறைந்திருக்கிறது! மருந்துச் சோதனைகளில் 'டம்மி' மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பாதிக்கு மேல் குறைந்தது! நிஜ ஹார்மோன் மாத்திரை அதையும் தாண்டிக் குறைத்தது என்பது வேறு விஷயம்.

இன்னும் கேளுங்கள். லண்டனில் 140 பெண்கள். சிலரை வாரம் 2 மணி நேரம், 4 வாரம் உட்காரவைத்து, பதற்றத்தைச் சமாளிக்கவும் நிதானமாக மூச்சு விடவும் பழக்கினார்கள். சிலர் கையில் அதையே புத்தகமாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பகலில் காங்கை வந்த தடவை குறையவில்லை. ஆனால், 'ஐயோ, தாங்க முடியலையே' என்ற தொல்லை குறைந்தது! பகல் வேர்வை அப்படியே இருக்க, வேதனை மட்டும் குறைந்தது! வகுப்புக்குப் போனவர்களுக்குப் புத்தகக்காரர்கள் சளைக்கவே இல்லை!

14416. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்! மனசு சரியில்லையா, தூக்கம் வரவில்லையா, நடு ராத்திரி 2 மணிக்கும் அழைக்கலாம். டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய மத்திய அரசு சேவை. காசு கிடையாது. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்! மீனாட்சிபுரத்தில் செல்போன் எந்த மாநிலத்து டவரைப் பிடித்தாலும் எண் ஒன்றேதான்!

ஓணம் வந்தால் மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் பால் பரிசோதனைக்கூடம் பரபரக்கும். தமிழ்நாட்டுப் பால் லாரி லாரியாகக் கேரளத்துக்குள் போகும் வழி அது. மாதவிலக்கு நின்ற 5 முதல் 7 வருடத்தில் பெண்ணின் எலும்பு அடர்த்தி 20 சதவீதம் வரைகூடக் கரையலாம்! லாரியில் போகிற பாலில், எலும்புக்காக அம்மிணிக்கு ஒரு டம்ளர் உண்டா?

பெண் குழந்தை பிறக்கும்போதே கருமுட்டைகள் 10 முதல் 20 லட்சம் வரை! அதற்குப் பிறகு செலவு மட்டும்தான், வரவு இல்லை. மாதவிலக்கு நிற்கும்போது மிஞ்சுவது ஏறக்குறைய ஆயிரம்தான்! இன்னொரு வேடிக்கை: உங்கள் அம்மா உங்கள் பாட்டி வயிற்றில் இருந்தபோதே உங்களுக்கான முட்டை தயார்! பாட்டி உங்களையும் சேர்த்துத்தான் சுமந்திருக்கிறார்!

காட்டிலும் மெனோபாஸ் உண்டு! உகாண்டாவின் நுகோகோ காட்டில் 185 பெண் சிம்பன்சிகளை 21 வருடம் கவனித்து, 2023-ல் உறுதிசெய்தார்கள். ஐம்பதோடு அவற்றுக்கும் பிள்ளைப்பேறு முடிகிறது!

கடலிலும் உண்டு! 5 வகைத் திமிங்கில இனங்களில்! அதில் 'கொலைகாரத் திமிங்கிலம்' என்று பேர் வாங்கிய ஓர்கா இருக்கிறதே, நாற்பது வாக்கில் குட்டி போடுவதை நிறுத்தும். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் வாழும். சும்மா அல்ல! சால்மன் மீன் கிடைக்காத பஞ்ச காலத்தில் கூட்டத்துக்கு முன்னால் நீந்தி வழிகாட்டுவது யார் தெரியுமா? குட்டி போடுவதை நிறுத்திய பாட்டி!

கடலுக்குப் போவானேன்! மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பிளாச்சிமடா. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று 2002 ஏப்ரலில் கோகோ கோலா ஆலை வாசலில் ஊர் திரண்டதே, முன்னால் நின்றவர் மயிலம்மா. எரவாளர் பழங்குடிப் பெண். கணவரை இழந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அப்போதே வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அதன் பிறகு அங்கே கோலா தயாரிப்பு மறுபடி தொடங்கவே இல்லை!