தாமாருக்குச் செவிசாய்ப்பவர் யார்?



சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரம் ஞாயிறு திருப்பலியில் நமக்கு வாசிக்கப்படுவதில்லை. வீட்டில் ஒருமுறை திறந்து வாசியுங்கள். தாவீது அரசரின் மகள் தாமார், தன் தந்தைக்குப் பிறந்த அம்னோனாலேயே கெடுக்கப்படுகிறாள். தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு கதறியபடி வெளியே வருகிறாள். உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் அவளை மௌனமாயிருக்கச் சொல்கிறான். தந்தை கடுஞ்சினம் கொள்கிறார். ஆயினும் ஒன்றும் செய்யவில்லை. தாமார் அண்ணன் வீட்டில் ஒடுங்கிப் போகிறாள். அதன்பின் அவள் பேசியதாக வேதாகமத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இன்றைய தாமார் கையடக்கத் தொலைபேசியை எடுப்பாள்.

பசறை, மடுல்சீமை, நமுனுகுலைத் தோட்டங்களில், தாய் மத்திய கிழக்கிலும் தந்தை கொழும்பிலுமாக, பாட்டியின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். அடுத்த காம்பராவில் இருமினாலும் கேட்கும் லயத்தில் இரகசியம் பேச இடமேது? அதிலும் தவறிழைத்தவர் பங்கில் மதிக்கப்படும் ஒருவர், குருவோ உபதேசியாரோ பாடகர் குழுப் பொறுப்பாளரோ எனில், அப்பிள்ளை யாரிடம் சொல்லும்? செயற்கை நுண்ணறிவுத் துணையோ நள்ளிரவிலும் பதில் தருகிறது. அது ஏசுவதில்லை, "சுவாமியைப் பற்றி அப்படிப் பேசாதே" என்று வாயை அடைப்பதுமில்லை. அதனை நாடுவதை வெறும் நாகரிக மோகம் என்று நாம் தள்ளிவிடலாகாது.

ஆனால் அத்துணை எத்தகையது? அமெரிக்காவின் புளோரிடாவில், இத்தகைய உரையாடலில் மூழ்கிய 14 வயதுச் சிறுவன் 2024 பெப்ரவரியில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். தாய் வழக்குத் தொடுத்தார். சம்பந்தப்பட்ட 'கெரக்டர் ஏஐ' நிறுவனம், 18 வயதுக்குட்பட்டோரின் கட்டற்ற உரையாடலை 2025 நவம்பரில் நிறுத்தியது. இயந்திரம் ஆறுதல் வார்த்தை சொல்லும். பிள்ளையின் கைபிடித்துப் பொலிஸ் நிலையப் படியேறாது. செயற்கை நுண்ணறிவை ஒரு மனித ஆளாகக் காட்டுவது எப்போதும் தவிர்க்கப்பட வேண்டுமென 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட 'அன்த்திக்குவா எத் நோவா' ஏடும் எச்சரிக்கிறது.

திருச்சபைக்குள்ளேயே அத்தவறு நிகழ்ந்ததுண்டு. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் 'கத்தோலிக் ஆன்சர்ஸ்' அமைப்பு, 'அருட்தந்தை ஜஸ்டின்' என்ற கணினிக் குருவை அறிமுகம் செய்தது. அது பாவமன்னிப்பும் வழங்கியதாகச் செய்தி பரவவே, சில நாட்களிலேயே குருவுடை நீக்கப்பட்டு, வெறும் ஜஸ்டின் ஆனது.

இயந்திரத்தின் அங்கியைக் கழற்றச் சில நாட்கள் போதுமாயின. மனிதரின் கதை வேறு. உதகமண்டலம் மறைமாவட்டக் குருவான யோசேப் பழனிவேல் ஜெயபால், மினசோட்டா மாநிலத்தில் பணியாற்றியபோது சிறுமியிடம் பாலியல் அத்துமீறல் புரிந்ததை 2015இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார். தாயகம் திரும்பிய அவர் மீதிருந்த பணித்தடை, வத்திக்கானைக் கலந்தாலோசித்த பின், 2016இல் நீக்கப்பட்டது. அச்செய்தியை வாசித்த பாதிக்கப்பட்ட பிள்ளையொன்று, அடுத்த முறை யாரை நம்பி வாய்திறக்கும்? இவற்றை எழுதுவது திருச்சபைக்கு இழுக்கு என்பாரும் உளர். தாவீதின் மௌனத்தை மறைக்காமல் எழுதிவைத்தது வேதாகமமே அன்றோ?

திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதத்தில் வெளியிட்ட 'வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி' என்னும் சட்டம், முறைப்பாடுகளை ஏற்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எளிதில் அணுகக்கூடிய ஏற்பாடு வேண்டுமெனப் பணிக்கிறது. 2023இல் அது திருத்தப்பட்டு நிரந்தரமாயிற்று. பாதிக்கப்பட்டவர் மீது மௌனத்தைச் சுமத்தலாகாது என்பதும் அதிலுண்டு. அப்சலோமுக்கு எழுதியதுபோல் இருக்கிறது.

பெற்றோரே, ஒன்றைக் கவனியுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எவரிடமும் வெளியிட முடியாது. ஆகவே பிள்ளை அங்கு சொல்லிவிட்டதே போதுமென்று இருந்துவிடாதீர்கள். வெளியிலும் சொல்லப்பட வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, கட்டணமில்லை. உங்கள் ஆலய அறிவித்தல் பலகையில், திருப்பலி நேரங்களுக்குப் பக்கத்தில், அந்த 4 இலக்கங்களும், மறைமாவட்டத்தில் முறைப்பாடு ஏற்பவரின் பெயரும் எழுதப்பட்டுள்ளனவா? இல்லையெனில், அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.