ஊவா மலைப்பாதைகளும் குடும்பக் காரின் டயர்களும்: ஓசை, ஆயுள் பற்றிய ஒரு நோக்கு

மலையக மக்களின் பொருளியல் வாழ்வைப் பற்றிய ஆய்வுகளிலே கூலி, குடியிருப்பு, கல்வி ஆகியன பெறும் இடத்தைப் போக்குவரத்தின் அன்றாடச் செலவுகள் பெறுவதில்லை. தோட்டத்திலே மோட்டார்க் கார் என்றால் அது துரையின் கார் என்றிருந்த நிலை மாறிவிட்டது. ஆசிரியர், தோட்ட உத்தியோகத்தர், பதுளையிலோ பண்டாரவளையிலோ சிறு கடை நடத்துபவர், வெளிநாட்டில் உழைத்து மீண்டவர் எனப் பலரது வீட்டு வாசலிலும் இன்று ஒரு சிறிய காரோ பழைய வானோ நிற்கக் காண்கிறோம். அவ்வண்டி அக்குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. இரவில் நோயாளியைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதற்கும் அயலார் அதனையே நாடுகின்றனர். அதன் நான்கு டயர்களையும் மாற்றவேண்டி வரும்போது ஏற்படும் செலவு பல குடும்பங்களுக்கு ஒரு மாத வருமானத்தையும் விஞ்சக்கூடியது. எனவே, ஓசை குறைந்ததும் நெடுங்காலம் உழைப்பதுமான டயரை எவ்வாறு தெரிவது என்னும் வினா அற்பமானதன்று.

இவ்வினாவுக்குக் கொழும்பிலே தரப்படும் விடை ஊவாவுக்கு அப்படியே பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். நல்ல டயர் எது என்று கேட்பதற்கு முன், நாம் ஓடும் பாதையில் ஒரு டயர் எதனால் முடிவெய்துகிறது என்று கேட்டல் வேண்டும். தேய்ந்து முடிவெய்துகிறதா, வெட்டுண்டு முடிவெய்துகிறதா, அல்லது ஓடாமலே முதுமையடைந்து முடிவெய்துகிறதா? இம்மூன்றுக்கும் வேண்டிய டயர்கள் வெவ்வேறானவை.

இறப்பரோடு இந்நாட்டுக்குள்ள உறவு பழைமையானது. பிரேசிலிலிருந்து கியூ தாவரவியற் பூங்கா வழியாக வந்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம் யாவரும் அறிந்தது. தேயிலையே முதன்மை பெற்ற ஊவாவிலும் மொனராகலைப் பக்கத்துத் தாழ்நிலங்களில் இறப்பர் பயிராகிறது. சோவியத் உதவியுடன் களனியில் எழுந்த அரச டயர்த் தொழிற்சாலை 1960களில் உற்பத்தியைத் தொடங்கிப் பின்னர் தனியார் கைக்கு மாறியது. இவ்வளவு இருந்தும் குடும்பக் காருக்குரிய டயர்களில் கணிசமான பங்கு வெளியிலிருந்தே வந்துள்ளது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு டயர் இறக்குமதியும் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோதும், 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போதும் இத்தங்கியிருத்தலின் விலையை மலைநாட்டுக் குடும்பங்கள் நன்கு உணர்ந்தன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. எனினும் அவ்விடைக்காலத்தில் பழகிய பழைய டயர்ச் சந்தை முற்றாக மறைந்துவிடவில்லை. இதனைப் பின்னர் நோக்குவோம்.

முதலில் டயரின் பக்கச்சுவரிலுள்ள எழுத்துக்களை வாசிக்கப் பழகுதல் நன்று. 175/65 ஆர் 14 82 டி என்றிருப்பின், அகலம் 175 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தின் நூற்றுக்கு 65 பங்கு. ஆர் என்பது ஆரைவகைக் கட்டமைப்பு. ரிம்மின் விட்டம் 14 அங்குலம். 82 என்பது ஒரு டயர் 475 கிலோகிராம் வரை தாங்கும் என்பதற்கான குறி. டி என்பது மணிக்கு 190 கிலோமீற்றர் என்னும் வேக எல்லை. அவ்வேகம் ஊவாவில் எவருக்கும் வேண்டியதில்லை. ஆனால் சுமைக் குறியை மட்டும் வண்டிக்கு விதிக்கப்பட்டதிலும் குறையவிடலாகாது. ஐவர் அமர்ந்து, பின்னால் அரிசி மூட்டையும் ஏற்றி மலையேறும் காருக்கு அது உயிர்நாடி போன்றது. வான் வைத்திருப்போர் வான்களுக்கென்றே செய்யப்பட்ட, பக்கச்சுவர் திண்மையான டயர்களையே இட வேண்டும். அவை சற்று இரைச்சலானவை. மலிவும் மென்மையும் கருதிக் கார் டயரை வானுக்கு மாட்டுவது ஆபத்து.

இனி ஓசையை நோக்குவோம். டயர் உருளும்போது அதன் மேற்பரப்புக் கட்டிகள் வீதியில் மோதுகின்றன. காடிகளுக்குள் அகப்பட்ட காற்று அழுந்தி வெளியேறுகிறது. டயரின் உள்ளிருக்கும் காற்றும் அதிர்கிறது. கட்டிகள் யாவும் ஒரே நீளமாக இருப்பின் அவ்வோசை ஒரே சுருதியில் ஊளையிடும். அதனாலேயே உற்பத்தியாளர் கட்டிகளின் நீளத்தை மாற்றி மாற்றி அமைத்து ஓசையைச் சிதறடிக்கின்றனர். நீளவாக்கில் தொடர்ச்சியான வரிகளும் குறுகிய குறுக்குக் காடிகளும் உடைய டயர் பொதுவாக அமைதியானது. பெரிய தனித்தனிக் கட்டிகளும் அகன்ற குறுக்குக் காடிகளும் உடையது இரைவது. கடையில் நின்று கண்ணாலேயே இவ்வளவையும் கண்டுகொள்ளலாம்.

ஐரோப்பியச் சந்தைக்குரிய டயர்களில் ஒட்டப்படும் அட்டையிலே ஓசை டெசிபல் கணக்கிற் குறிக்கப்பட்டிருக்கும். இம்முறை 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்து 2021 மே மாதத்தில் திருத்தப்பட்டது. மூன்று டெசிபல் கூடினால் ஒலிச்சக்தி இருமடங்காகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஆயினும் அவ்வளவீடு இயந்திரத்தை நிறுத்தி, மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வண்டியை உருளவிட்டு, வீதியோரத்தில் வைத்த ஒலிவாங்கியால் எடுக்கப்படுவது. காருக்குள் இருப்பவர் கேட்கும் ஓசையை அது நேரே சொல்வதில்லை. மேலும், பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வண்டியில் இயந்திரத்தின் முழக்கமே மேலோங்கும். டயரின் ஓசை அதனுள் அமிழ்ந்துவிடும். எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கி ஏறக்குறைய 800 மீற்றர் இறங்கி, அப்பால் சமநிலத்தில் ஓடும்போதுதான் அது காதில் விழும். ஆகவே, மலைக்குள்ளேயே ஓடுபவர் அமைதிக்கென்று மிகையாகப் பணங்கொடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மாதந்தோறும் கொழும்புக்குச் சென்று வருபவர் கொடுக்கலாம், அது வீண்செலவாகாது. காருக்குள் இரைச்சல் குறைந்திருப்பின், கண்ணுக்கு மறைவான வளைவுக்கு அப்பாலிருந்து வரும் பஸ்ஸின் ஹோர்ன் ஒலி முன்னதாகவே கேட்கும் என்பதும் சிறு பயனன்று.

புதிதாயிருக்கையில் அமைதியாக ஓடிய டயர் ஓராண்டில் இரையத் தொடங்குவது பலருக்கும் அனுபவமாயிருக்கும். கட்டிகளின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து வாட்பல் போலாவதே இதன் காரணம். டயர் பரப்பை உள்ளங்கையால் ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும் மறுதிசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். இதனைச் சில்லின் பேரிங் பழுது என்று கருதிப் பேரிங்கை மாற்றிப் பணத்தை இழப்போர் உளர். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தல் வேண்டும்: ஓசையும் பின்னுக்குச் சென்றால் குற்றம் டயருடையது. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது மட்டும் ஓசை கூடிக் குறையுமாயின் பேரிங்கை ஐயுறலாம்.

ஆயுளைக் குறித்து அமெரிக்கத் தரப்படுத்தலின்படி டயரிற் பொறிக்கப்படும் தேய்மான எண் ஒன்றுண்டு. 100 என்னும் ஒப்பீட்டு டயரோடு வைத்து நோக்கும்போது 400 என்பது நான்கு மடங்கு மெல்லத் தேயும் என்பது அதன் கருத்து. அச்சோதனை டெக்சஸ் மாநிலத்தின் வீதிகளில் 7,200 மைல் ஓட்டிச் செய்யப்படுவது. எண்ணை இடுபவரும் உற்பத்தியாளரே. ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட அது உதவும். இரு நிறுவனங்களை ஒப்பிட அவ்வளவாக உதவாது. அன்றியும், வளைவுகளில் டயர் பக்கவாட்டில் இழுபடும்போது தேய்மானம் பன்மடங்காகப் பெருகுகிறது. முன்சில்லால் இழுக்கப்படும் சிறு கார் மலையேறும்போது சுமை பின்னுக்குச் சாய, முன் டயர்கள் சற்று வழுக்கிக்கொண்டே ஏறுகின்றன. ஆதலின் இங்கு முன் டயரின் தோள்கள் முந்தித் தேய்கின்றன. சமவெளியில் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின்னாக மாற்றினால் போதுமாயின், ஊவாவில் அதில் அரைவாசித் தூரத்துக்கு ஒருமுறை மாற்றுவது தகும். குழியில் விழுந்தெழுந்த பின்னர், கடைகளில் எலைன்மென்ட் எனப்படும் சில்லு நேர்ப்படுத்தலையும் செய்விக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் தொகையை விடச் சிறந்த டயர்ச் செலவு வேறில்லை.

காற்றழுத்தத்தைப் பற்றி ஓர் ஐயம் அடிக்கடி எழுப்பப்படுவதுண்டு: கொழும்பில் அடித்த காற்று அப்புத்தளையில் சரியாயிருக்குமா? ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் குறைவதால் மானி சதுர அங்குலத்துக்கு இரண்டு இறாத்தல் வரை கூடுதலாகக் காட்டும். ஆனால் வெப்பநிலை 10 பாகை குறைவதால் ஒன்றரை இறாத்தல் வரை இறங்கும். ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகின்றன. ஆகவே மலையேறியதும் காற்றைத் திறந்துவிடும் வழக்கத்துக்கு நியாயமில்லை. வண்டி ஓடுமுன் காலையில், டயர் குளிர்ந்திருக்கையில் அளந்து, விதித்த அளவை வைத்திருப்பதே போதும். குறைந்த காற்றோடு ஓடினால் வளைவுகளில் டயர் கீச்சிடும், தோள் தேயும், பக்கச்சுவர் சூடேறி உள்ளே சிதையும்.

இதுவரை சொன்னவை தார் வீதிக்குரியவை. பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கங்களில் பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதையில் இறங்கியதும் கணக்கு வேறாகிறது. இப்பாதைகள் கொழுந்தைத் தொழிற்சாலைக்கும் தேயிலைப் பெட்டியைப் பிரதான வீதிக்கும் கொண்டுசெல்ல அமைக்கப்பட்டவை. லயத்திலிருந்து பிள்ளைகள் பாடசாலை செல்வதையோ கர்ப்பிணி வைத்தியசாலை செல்வதையோ கருதி அமைக்கப்பட்டவை அல்ல. 1970களின் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, சபைகள் தம் நிதியைத் தோட்டப்புறத்திற் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபையே அவர்களது பாதையைச் செப்பனிட இயலாதிருந்த இந்நிலை, சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை நீடித்தது. கம்பனி செய்யாது, சபை செய்ய முடியாது என்றிருந்த முப்பதாண்டுகளின் விளைவு இன்றும் பாதையில் கூர்ங்கற்களாகக் கிடக்கிறது. தார் வீதியோரத்தில் வாழ்பவர் செலுத்தாத ஒரு வரியை, பாதையின் கடைக்கோடியில் வாழ்பவர் டயர்க் கடையில் செலுத்துகிறார் எனலாம்.

அத்தகைய பாதையில் டயர் தேய்ந்து முடிவதற்கு முன்பே பக்கச்சுவர் வெட்டுண்டு முடிகிறது. பக்கச்சுவர் வெட்டுக்கு ஒட்டுப்போட முடியாது. 60,000 கிலோமீற்றர் ஓடும் என்று சொல்லி ஒன்றரை மடங்கு விலைக்கு விற்கப்படும் டயர் 15,000இல் வெட்டுண்டால், அந்த மேலதிக விலை முழுவதும் நட்டமே. எனவே தோட்டத்துக்குள் வாழும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது இடைத்தர விலையுடைய, பக்கச்சுவர் உயர்ந்த டயரையே ஆகும். கட்டி பெருத்த காட்டுப்பாதை டயர்களும் வேண்டா: சேற்றுப் பிடிப்பு ஓரளவு கூடினாலும் தார் வீதியில் இரைச்சலும் பெற்றோல் செலவும் கூடும். இளைஞர் விரும்பி மாட்டும் பெரிய ரிம்மும் மெலிந்த டயரும் இப்பாதைகளுக்கு முற்றிலும் பொருந்தாதவை. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையிலிருக்கும் காற்றின் அளவு குறையக் குறைய வெட்டும் கூடும், உள்ளே அதிர்வோசையும் கூடும்.

மூன்றாவது முடிவு முதுமை. ஆண்டுக்கு 6,000 கிலோமீற்றர் மட்டும் ஓடும் ஓர் ஆசிரியரின் கார் 42,000 கிலோமீற்றரை எட்ட ஏழாண்டு செல்லும். அதற்குள் வெயிலும் ஓசோனும் இறப்பரை இறுகச் செய்துவிடும். இறுகிய இறப்பர் இரைச்சலும் மிகுந்தது, ஈர வீதியில் பிடிப்பும் குறைந்தது. ஐப்பசி தொடங்கித் தை வரை மழைபெறும் பதுளைப் பகுதியில் இது முக்கியமானது. டயரிற் பொறித்த நான்கு இலக்கங்கள் அதன் பிறப்பைச் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்தாண்டு கடந்ததை ஆண்டுதோறும் பரிசோதிப்பதும், பத்தாண்டு கடந்ததை எவ்வளவு புதிதாகத் தோன்றினும் கழிப்பதும் உற்பத்தியாளர் பலர் கூறும் விதியாகும். கடையில் விலைபேசுமுன் இவ்விலக்கத்தைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகஞ்சுளித்தால் சுளிக்கட்டும்.

பழைய டயர் வாங்குவோர்க்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். காடியின் அடியிலுள்ள தேய்மானக் குறி 1.6 மில்லிமீற்றர் உயரமுடையது. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதுக் காடி வெட்டி விற்கும்போது அக்குறியும் வெட்டுண்டு போயிருக்கும்; காடியின் அடியில் இறப்பர்ப் படை மிக மெல்லியதாயிருக்கும். புதிய டயரில் காடி ஏழெட்டு மில்லிமீற்றர் ஆழமாயிருப்பதால், மூன்று மில்லிமீற்றருக்குக் குறைந்ததைப் பழையதாக வாங்குவது மலிவல்ல. பஸ், லொறிகளுக்கு மேற்பரப்பை மீளப் பதித்த டயர்கள் முறையாகச் செய்யப்படுமிடத்துப் பயனுடையன. சிறிய காருக்கு அவற்றால் மிஞ்சும் பணம் சொற்பமே.

நான்கையும் ஒருங்கே வாங்க இயலாதவர் இரண்டை வாங்குவர். அவ்விரண்டையும் முன்சில்லுக்கு இடுவதே பலரது விருப்பம். முன்சில்லு தானே திரும்புகிறது, இழுக்கிறது என்பது அவர்களது வாதம். ஆயினும் மழைநாளில் ஹாலிஎலப் பக்கத்து இறக்கத்தில் பின்சில்லு வழுக்கினால் வண்டி சுழலும். அதனை மீட்பது கைதேர்ந்த சாரதிக்கும் அரிது. முன்சில்லு வழுக்கினாலோ வேகத்தைத் தணித்து ஓரளவு மீளலாம். ஆகவே புதிய இரண்டும் பின்னுக்கே செல்லவேண்டும். கழற்றியவற்றுள் நல்லதொன்றை மேலதிகச் சில்லாக வைத்துக்கொண்டு, அதன் நான்கு இலக்கங்களையும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நன்று; பத்தாண்டு கடந்த டயர்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கின்றன.